ராத்திரியில் சோறு சாப்பிடலாமா? மாவுச்சத்தும் நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ராத்திரி சோறு வேண்டாம், ரெண்டு சப்பாத்தி போதும்" என்பது நம் வீடுகளில் ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. ஆறு மணிக்கு மேல் கார்ப், அதாவது மாவுச்சத்து, தொட்டால் தொப்பைதான் என்று ஒரு யூடியூப் வீடியோ மிரட்டும். காலையில் ராஜா மாதிரி சாப்பிடு, ராத்திரி பிச்சைக்காரன் மாதிரி சாப்பிடு என்று வாட்ஸ்அப்பில் ஒன்று வரும். இதில் எதற்கு ஆதாரம் இருக்கிறது, எது வெறும் பேச்சு என்று ஒவ்வொரு கேள்வியாகப் பார்க்கலாம். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கீழே மாத்திரை பற்றிய கேள்வியை முதலில் படித்துவிட்டு மற்றதற்கு வாருங்கள், காரணம் அங்கேயே இருக்கிறது.

மாவுச்சத்து என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், சப்பாத்தி, பரோட்டா, உப்புமா, பிரெட், ஓட்ஸ், கேழ்வரகு, கம்பு, தினை, உருளைக்கிழங்கு, மரவள்ளி, சேமியா, சர்க்கரை, வெல்லம், தேன், பழம் எல்லாமே இதில் அடங்கும். பருப்பிலும் சுண்டலிலும் கூட உண்டு, ஆனால் அவற்றில் புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்தே வருவதால் கதை கொஞ்சம் வேறு.

தோராயமான கணக்கு ஒன்று கையில் இருந்தால் நல்லது. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. 30 கிராம் மாவில் போட்ட ஒரு சப்பாத்தியில் 20 கிராம் சொச்சம். நடுத்தர அளவு இட்லி ஒன்றில் 10 கிராம் பக்கம். இந்த மூன்று எண்ணும் பின்னால் திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், நேரம் முக்கியமா இல்லையா?

ரத்தச் சர்க்கரைக்கு முக்கியம், ஓரளவு. உடல் எடைக்கு மிகக் கொஞ்சம், அதுவும் மறைமுகமாக. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இவ்வளவு சண்டை. எவ்வளவு சாப்பிடுகிறோம், கூடவே என்ன சாப்பிடுகிறோம், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படுக்கிறோம் என்ற மூன்றும் கடிகார முள்ளைவிடப் பெரிய விஷயங்கள்.

அதே சோறுதானே, காலையில் ஒரு மாதிரியும் ராத்திரி ஒரு மாதிரியும் உடம்பு ஏன் எடுத்துக்கொள்கிறது?

நம் உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. மூளையில் ஒரு தலைமைக் கடிகாரம், அது கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து ஓடுகிறது. கணையத்திலும் கல்லீரலிலும் தசையிலும் சின்னச் சின்னக் கடிகாரங்கள் உண்டு, அவை சாப்பாட்டு நேரத்தையும் பார்த்துத் தங்களைத் திருத்திக்கொள்கின்றன. இந்தக் கடிகாரங்களை இயக்கும் மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2017-இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஆரோக்கியமான ஒருவருக்குக் காலையில் இன்சுலின் சுறுசுறுப்பாகச் சுரக்கும், தசைகளும் அதன் சொல்பேச்சு கேட்கும். பொழுது சாயச் சாய இரண்டும் மந்தமாகும். பாஸ்டனில் 14 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, காலை 8 மணிக்கும் ராத்திரி 8 மணிக்கும் ஒரே சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான அந்த முடிவின்படி, சாப்பிட்ட பிறகான சர்க்கரை ராத்திரியில் 17 சதவீதம் அதிகம். சாப்பாடு மாறவில்லை, அளவு மாறவில்லை, ஆள் மாறவில்லை, நேரம் மட்டும்தான் மாறியது.

இன்னொரு காரணம் மெலட்டோனின். இருட்டினால் சுரந்து தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் ஹார்மோன் இது, கூடவே கணையத்திடம் "இன்றைக்கு இது போதும்" என்றும் சொல்லிவிடுகிறது. ஸ்பெயினில் 845 பேரிடம் 2022-இல் வெளியான ஆய்வில், படுப்பதற்கு 4 மணி நேரம் முன்னால் ஒருநாளும், 1 மணி நேரம் முன்னால் ஒருநாளும் குளுக்கோஸ் குடிக்கவைத்தார்கள். படுக்கப்போகும் நேரத்தில் குடித்தபோது இன்சுலின் குறைந்தது, சர்க்கரை கூடியது. மெலட்டோனினுக்குக் கூடுதலாக வளைந்துகொடுக்கும் ஒரு மரபணு வகை சிலருக்கு இருக்கிறது, அவர்களுக்குத்தான் இந்தப் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. ஒரே வீட்டில் லேட்டாகச் சாப்பிடும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் சுகர் எகிறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்போ ராத்திரி சாப்பிடும் சோறு கொழுப்பாகத்தானே மாறும்? வேலை செய்யாமல் படுத்துவிடுகிறோமே?

படுத்தாலும் உடம்பு வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் ராத்திரி முழுக்கச் சக்தி கேட்கும். சாப்பிட்டதில் ஒரு பங்கு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிப்பாகி, விடியும்வரை கல்லீரல் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ரத்தத்துக்குத் தரும். எடை கூடுவது நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தேவைக்கு மேல் சாப்பிடுவதால். ஆறு மணிக்கு முன்னால் வந்த கலோரி, பின்னால் வந்த கலோரி என்று தொப்பை பிரித்துப் பார்ப்பதில்லை.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி இஸ்ரேல் போலீஸ். 2011-இல் வெளியான ஆய்வு அது. உடல் பருமன் உள்ள 78 போலீஸ்காரர்களை இரண்டாகப் பிரித்து, இரு அணிக்கும் ஒரே அளவு கலோரி குறைந்த சாப்பாடு. ஓர் அணிக்கு மாவுச்சத்து நாள் முழுக்கப் பரவலாக, இன்னொரு அணிக்குப் பெரும்பகுதி ராத்திரி சாப்பாட்டில் மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ராத்திரி அணிதான் கொஞ்சம் கூடுதலாக இளைத்திருந்தது, பசியும் அவர்களுக்குக் குறைவு. "ராத்திரி கார்ப் விஷம்" என்பவர்கள் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

உடனே ராத்திரி பிரியாணிதான் மருந்து என்றும் கிளம்பிவிடாதீர்கள். அதே இஸ்ரேலில் 93 பெண்களை வைத்து 2013-இல் வந்த இன்னொரு ஆய்வில் முடிவு நேர் எதிர். நாளைக்கு 1,400 கலோரி, அதில் ஓர் அணிக்குக் காலையில் 700, ராத்திரி 200. இன்னோர் அணிக்குக் காலையில் 200, ராத்திரி 700. 12 வாரத்தில் காலை அணி இரண்டு மடங்குக்கு மேல் இளைத்தது.

எதை நம்புவது? என் கணிப்பில், இந்த மாதிரி ஆய்வுகளில் வீட்டுக்குப் போனபிறகு யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதுதான் பெரிய ஓட்டை. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அதை அடைக்கப் பார்த்தார்கள். சாப்பாடு முழுவதையும் ஆய்வுக்குழுவே தயாரித்துக் கொடுத்தது, 30 பேருக்கு, 4 வாரம் காலையில் அதிகமாக, 4 வாரம் ராத்திரி அதிகமாக. 2022-இல் முடிவு வந்தது. எடை இரண்டு முறையிலும் ஒரே அளவுதான் குறைந்தது, சுமார் 3.3 கிலோ. வித்தியாசம் பசியில் மட்டும்: காலையில் நன்றாகச் சாப்பிட்ட வாரங்களில் நாள் முழுக்கப் பசி குறைவாக இருந்தது.

நேரம் எடையைத் தொடும் வழி இதுதான். ராத்திரி சாப்பிட்டது நேராகப் போய் இடுப்பில் ஒட்டிக்கொள்வதில்லை, காலையில் ஒரு காபியோடு ஓடினால் சாயங்காலம் பஜ்ஜிக் கடையைத் தாண்ட முடியாது, அவ்வளவுதான்.

ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி. இதாவது சரியா?

மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று சப்பாத்தி 60 கிராம் மாவுச்சத்து. 200 கிராம் சோற்றில், அதாவது ஒரு நடுத்தரக் கிண்ணம் நிறைய இருக்கும் சோற்றில், 56 கிராம். மூன்றாவது சப்பாத்தியிலேயே சோற்றைத் தாண்டிவிட்டீர்கள். எண்ணெய் தடவிச் சுட்டு, தேங்காய் அரைத்துவிட்ட உருளைக்கிழங்கு குருமாவோடு சாப்பிட்டால் சாம்பார் சாதமே மேல் என்று ஆகிவிடும்.

ஆனால் இந்தப் பழக்கத்தில் ஒரு நல்லதும் இருக்கிறது. சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம். சோற்றை யாரும் எண்ணுவதில்லை, சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை விழுகிறது. கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் தீட்டிய அரிசியைவிடக் கூடுதல் என்பதும் உண்மை. சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதைச் சொல்லும் கிளைசெமிக் இண்டெக்ஸ், சென்னையில் பரிசோதித்த பொன்னி, சோனா மசூரி, சுர்த்தி கோலம் மூன்று வெள்ளையரிசிக்கும் 70 முதல் 77 வரை வந்தது, 70-க்கு மேலே போனாலே வேகம் அதிகம் என்று அர்த்தம். எண்ணிச் சாப்பிடும் இரண்டு சப்பாத்தியும் நிறையக் காயும் பருப்பும் நல்ல ராத்திரி சாப்பாடு. ஒரே கரண்டி சோறும் அதே காயும் பருப்பும் கூட அதே அளவு நல்ல சாப்பாடு, சோறு பிடித்தவர்கள் வருத்தப்பட்டுக்கொண்டு சப்பாத்தி மெல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது, "நான் ராத்திரி சாப்பாடே சாப்பிடுவதில்லை, டிபன்தான்" என்பவர்கள். நாலு தோசை, சட்னி, மேலே பொடி எண்ணெய். தோசை மாவில் இருப்பதும் அதே அரிசிதான்.

ஆறு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக்கூடாதா? ஏழா, எட்டா?

கடிகாரத்தில் இருக்கும் எண்ணைவிட, படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பதினொரு மணிக்குப் படுப்பவர் எட்டு மணிக்குச் சாப்பிட்டால் போதுமான இடைவெளி. ஒன்பதுக்கே படுத்துவிடும் பாட்டிக்கு அதே எட்டு மணி லேட். இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் மெலட்டோனின் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் சோறு வந்து நிற்காது, நெஞ்செரிச்சலும் குறையும்.

நேரம் தள்ளிப்போவதால் வேறு சில சேதங்களும் உண்டு. 16 பேரை வைத்து பாஸ்டனில் செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், அதே சாப்பாட்டை நாலு மணி நேரம் தள்ளிக் கொடுத்ததும் பசி கூடியது, விழித்திருக்கும் நேரத்தில் உடம்பு எரிக்கும் சக்தி 5 சதவீதம் போலக் குறைந்தது. மதியச் சாப்பாட்டுக்கும் இது பொருந்துகிறது: ஸ்பெயினின் முர்சியாவில் எடை குறைப்பு சிகிச்சையில் இருந்த 420 பேரில், மதியம் மூன்று மணிக்கு மேல் சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் இளைத்தார்கள். அங்கே மதியச் சாப்பாடுதான் நாளின் பெரிய சாப்பாடு.

சாப்பாட்டையே எட்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால்?

சீனாவின் குவாங்சோவில் 139 பேர் ஒரு வருடம் செய்து பார்த்தார்கள், ஓர் அணி காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் சாப்பிட்டது, இரு அணிக்கும் கலோரி கட்டுப்பாடு ஒன்றுதான். எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ராத்திரி நொறுக்குத் தீனியை நிறுத்த உங்களுக்கு இது ஒரு வேலியாக உதவினால் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு சுகர் இருக்கிறது. மீட்டரில் பார்த்தால் காலை டிபனுக்குப் பிறகுதான் அதிகமாக ஏறுகிறது. நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக இருக்கிறதே?

உங்கள் மீட்டர் சொல்வது சரிதான். மேலே சொன்ன காலை-ராத்திரி கணக்கு ஆரோக்கியமானவர்களுக்கானது. இரண்டாம் வகை நீரிழிவில் பலருக்கு இது தலைகீழாக இருக்கும்.

விடிகாலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை ஏறும். நாம் எழுந்து நடமாட வேண்டுமே என்று கல்லீரல் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். ஆரோக்கியமான கணையம் அதற்கு ஈடாக இன்சுலினைச் சுரந்து சமாளித்துவிடும், சர்க்கரை நோயில் அந்த ஈடு வராது. அதனால்தான் ராத்திரி ஒன்றுமே சாப்பிடாமல் படுத்தாலும் ஃபாஸ்டிங் 150 என்று காட்டுகிறது, "நேத்து பட்டினிதானே கிடந்தேன்" என்று நொந்துபோகிறார்கள். ஏற்கெனவே மேலே நிற்கும் சர்க்கரையின் மேல் ஐந்து இட்லி, அதாவது 50 கிராம் மாவுச்சத்து, போய் விழுகிறது. பொங்கலாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கனடாவில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 23 பேரிடம் 2019-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஒருநாள் ஓட்ஸும் பழமும், இன்னொரு நாள் முட்டை ஆம்லெட், மதியமும் ராத்திரியும் ஒரே சாப்பாடு. ஆம்லெட் நாளில் காலை ஏற்றம் அடங்கியது, அதனால் 24 மணி நேரத்தில் சர்க்கரை ஏறி இறங்கும் ஆட்டமும் குறைந்தது. ஓட்ஸ் கூட அங்கே தோற்றது என்பதைக் கவனியுங்கள், "சுகருக்கு ஓட்ஸ் கஞ்சி" என்று டப்பா டப்பாவாக வாங்குபவர்களுக்கு இது கசக்கும்.

நம் சமையலில் இதற்கு வழியா இல்லை? ஐந்து இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, காயும் பருப்பும் கெட்டியாக இருக்கும் சாம்பார், கூட இரண்டு முட்டை. முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பாசிப்பயறு பெசரட்டு, அடை, சுண்டல். அடை என்றால் பருப்பு பாதிக்கு மேல் போட்ட அடை, அரிசி மட்டும் ஊறவைத்து நாலு பருப்பைக் காட்டியது கணக்கில் வராது.

தமிழ்நாட்டில் இது யாரோ சிலருடைய பிரச்சினையும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அதே ஆய்வின் 2025-ஆம் ஆண்டு வெளியீடு, இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. மூன்று வேளையும் தட்டில் முக்கால்வாசி அதுவாகவே இருக்கும்போது எந்த வேளை நல்ல வேளை என்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கொஞ்சம் வீண் வேலையாகவே படுகிறது.

நான் மாத்திரை போடுகிறேன். ராத்திரி மாவுச்சத்தை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான், உள்ளே போன மருந்து நீங்கள் இன்று டயட்டில் இருக்கிறீர்கள் என்று யோசிக்காது. மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிட்டு ராத்திரி வெறும் சாலட்டோடு படுத்தால் நடுராத்திரியில் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் எல்லாம் தூக்கத்தில் வந்தால் கவனிக்கவும் ஆள் இருக்காது.

அப்படி இறங்கியது தெரிந்தால், ஆள் விழிப்போடு விழுங்கும் நிலையில் இருக்கும்வரை, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. எதுவானாலும் சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் "ராத்திரி அளவைக் குறைக்கப்போகிறேன், மருந்தை மாற்ற வேண்டுமா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எனக்கு எந்த வேளை ஒத்துவருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குளுக்கோமீட்டர்தான் வழி. எடைபோட்ட அதே அளவு சோறு, அதே குழம்பு, அதே காய், ஒருநாள் மதியமும் இன்னொரு நாள் ராத்திரியும். சாப்பிட ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தடவை, ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. எவ்வளவு ஏறியது என்ற வித்தியாசத்தை எழுதிவையுங்கள். ஒரே நாளை வைத்து முடிவுக்கு வராதீர்கள், தூக்கம் கெட்ட மறுநாளும் காய்ச்சல் வந்த நாளும் எண்கள் தாறுமாறாகத்தான் இருக்கும். சர்க்கரை நோய் உள்ள பெரும்பாலானவர்களுக்குச் சாப்பிட்ட பின் 180-க்குள் இருப்பது பொதுவான இலக்கு, உங்களுக்கு டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

காலை டிபனைத் தவிர்த்துவிட்டால் ஒரு வேளை மிச்சம்தானே?

மிச்சம் ஆகலாம், மதியம் வட்டியோடு வரவும் செய்யலாம். ஒரு வேளை சாப்பாடு அடுத்த வேளையின் ஏற்றத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்பது 1920-களிலிருந்தே தெரிந்த விஷயம். காலையில் ஒன்றும் இல்லாமல் நேராக மதியம் சோற்றில் உட்கார்ந்தால், நீரிழிவு உள்ளவர்களுக்கு மதிய ஏற்றம் இன்னும் உயரமாகிறது. பசிக்காதவர்கள் வற்புறுத்திச் சாப்பிட வேண்டாம், முட்டையோ ஒரு கைப்பிடி சுண்டலோ போதும்.

எதை முதலில் சாப்பிடுவது என்பதும் முக்கியமா?

நேரத்தைவிட முக்கியம் என்றே சொல்வேன். நியூயார்க்கில் நீரிழிவு உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள். காயும் கோழியும் முதலில், பிரெட்டும் ஆரஞ்சு ஜூஸும் 15 நிமிடம் கழித்து என்ற வரிசையில், ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவீதம் குறைவு. பாஸ்டனில் நேரத்தை மாற்றியபோது கிடைத்தது 17. இரண்டும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு சாப்பாடு, அதனால் நேரடியாக ஒப்பிடுவது சரியில்லை, ஆனாலும் எந்தப் பக்கம் கை வைத்தால் பலன் என்று ஒரு யோசனை கிடைக்கிறது.

நம் தட்டில் சோறுதான் முதலில், பொரியல் தொட்டுக்க. அதைத் திருப்புங்கள். பொரியல், கூட்டு, முட்டை, மீன் எதுவோ அதில் பாதியைச் சோறு போடுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கல்யாணப் பந்தியில் இது நடக்காது, வீட்டில் நடக்கும்.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் என்ன செய்வது?

இவர்களுக்குத்தான் நேரம் உண்மையிலேயே கடிக்கிறது. 2021-இல் வெளியான ஒரு ஆய்வில் 19 பேரை ஆய்வகத்தில் நைட் ஷிஃப்ட் மாதிரியே வைத்திருந்து, ஓர் அணிக்கு ராத்திரியிலும் சாப்பாடு, இன்னோர் அணிக்குப் பகலில் மட்டும். ராத்திரியும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை, அவர்களும் ராத்திரி விழித்துத்தான் இருந்தார்கள்.

ஒரகடம் தொழிற்சாலையில் லைனில் நிற்பவரிடமும் வார்டில் இருக்கும் நர்ஸிடமும் ராத்திரி முழுக்கப் பட்டினி கிட என்று சொல்வது எளிது, செய்வது கஷ்டம். ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் ஏழு எட்டு மணிக்கு முழுச் சாப்பாடு, நடுராத்திரி ஒன்று முதல் நாலு வரை பரோட்டா, கேன்டீன் எலுமிச்சை சாதம், சர்க்கரை போட்ட டீ மூன்றையும் ஒதுக்கிவிட்டு வேர்க்கடலை, அவித்த முட்டை, சுண்டல், மோர். காலையில் வந்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுக்காமல் லேசாகச் சாப்பிட்டுத் தூங்கி, எழுந்து மதியச் சாப்பாடு. இதில் பாதி நடந்தாலும் லாபம்தான்.

ஜிம்முக்கு சாயங்காலம் போகிறேன். ராத்திரி கார்ப் வேண்டாமா?

வேண்டும். உடற்பயிற்சி செய்த தசை, இன்சுலின் கொஞ்சமாக இருந்தாலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், காலியான கிளைகோஜனையும் நிரப்பியாக வேண்டும். ஏழு மணிக்கு எடை தூக்கிவிட்டு எட்டரைக்குச் சோறும் மீனும் சாப்பிடுபவரை, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவருக்கான விதியால் பயமுறுத்தக்கூடாது. அரை மணி நேரம் டிரெட்மில்லில் நடந்ததை இந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டு மூன்று பரோட்டாவுக்கு உரிமை கோருவதும் நடக்கிறது, அது வேறு.

ராத்திரி சோறு சாப்பிட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறதே, கற்பனையா?

கற்பனை இல்லை. சிட்னியில் 12 இளைஞர்களிடம் பார்த்தார்கள், 2007-இல் வெளியானது. படுப்பதற்கு நாலு மணி நேரம் முன்னால் வேகமாகச் செரிக்கும் மல்லிகை அரிசிச் சோறு சாப்பிட்டவர்கள் சராசரியாக 9 நிமிடத்தில் தூங்கினார்கள், மெதுவாகச் செரிக்கும் அரிசி சாப்பிட்டபோது 17.5 நிமிடம் ஆனது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட்டால் அந்தப் பலன் குறைந்தது. அதாவது சோறு தூக்கத்துக்கு உதவவும் அது சீக்கிரம் உள்ளே போக வேண்டும்.

பழைய சோறு? ஆறவைத்த சோற்றில் சர்க்கரை ஏறாது என்கிறார்களே?

ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கு செரிக்காத வகையாக மாறும் என்பது நிஜம். சோற்றை ஒருநாள் ஃப்ரிட்ஜில் வைத்துச் சூடுபடுத்தியபோது அந்தப் பங்கு 100 கிராமுக்கு 0.64 கிராமிலிருந்து 1.65 ஆனது. மீதி 26 கிராம் அப்படியேதான் இருக்கிறது. பழைய சோறு சுவைக்காகவும் வெயிலுக்காகவும் சாப்பிட வேண்டியது, சுகர் மருந்தாக நினைத்து இரண்டு கிண்ணம் சாப்பிட வேண்டியது இல்லை.

ராத்திரி பழம்?

சாப்பிடலாம். ஒரு கொய்யாவோ ஒரு ஆப்பிளோ எந்த நேரத்திலும் பெரிய கேடு செய்யாது. இரண்டு பங்கனப்பள்ளி மாம்பழத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேலே சாப்பிடுவது பழம் சாப்பிடுவதில் சேராது, அது இரண்டாவது சாப்பாடு.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதே கணக்கா?

நல்ல எடையில் ஓடி ஆடும் குழந்தைக்கு எந்த வேளையிலும் சோற்றைப் பிடுங்க வேண்டாம். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலையில்தான் ஹார்மோன்களின் எதிர்ப்பு அதிகம், அதனால் காலை மாவுச்சத்தைக் குறைத்துப் பகலில் பரப்பிக் கொடுப்பது வழக்கம். அவர்களுக்கு ராத்திரிப் பட்டினி கூடவே கூடாது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் சரி, நான் வீட்டுக்கு வரவே ஒன்பதரை ஆகிறது. என்ன செய்யட்டும்?

சாப்பாட்டை இரண்டாக உடையுங்கள். ஆறரை ஏழு மணிக்கு ஆபீஸிலேயோ ரயிலிலேயோ ராத்திரிச் சாப்பாட்டின் மாவுச்சத்துப் பங்கை முடித்துவிடுங்கள், வீட்டிலிருந்து எடுத்துப்போன இரண்டு சப்பாத்தியோ ஒரு சின்ன டப்பா தயிர்சாதமோ. வீட்டுக்கு வந்ததும் காய், பருப்பு, முட்டை, மோர். கொலைப்பசியோடு வந்து சட்டியைத் திறப்பதும் இதனால் நிற்கும்.

அதுவும் முடியாது, ஒன்பதரைக்குத்தான் எல்லாம் என்றால், அளவைப் பாதியாக்கி, காயை முதலில் சாப்பிட்டு, உடனே படுக்காமல் பத்து நிமிடம் நடங்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோவில் நீரிழிவு உள்ள 41 பேரை வைத்து 2016-இல் வந்த ஆய்வில், ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது சர்க்கரை நன்றாகக் குறைந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம் குறைந்தது, காரணம் அவர்களும் மாவுச்சத்தை ராத்திரியில்தான் அதிகம் சாப்பிட்டார்கள், சாப்பிட்டு அப்படியே உட்கார்ந்தும் இருந்தார்கள். தெருவில் நாய்த்தொல்லை என்றால் மொட்டை மாடி போதும்.